மூன்று துளி

சீனம் வாசிப்பேன் என்று என் கணவர் செபஸ்ரியன் கோயிலில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வார். அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு குறி.

தொண்ணூற்றாறில் நாங்கள் இருவரும், குடிபெயர்ந்து வந்த ரானுயியில், ஒரு சீனருடைய தளபாடக் கொட்டகையில் வேலை செய்தோம். இவர் சாமான் இறக்கி அடுக்குவார். நான் கதிரைகளுக்கு வார்னிஷ் பூசுவேன். முதலாளி மிஸ்டர் வூ ஒருநாள் ஓர் எழுத்தின் இடப்பக்கத்தில் மேலும் கீழுமாக நின்ற மூன்று துளிகளைக் காட்டி, அது தண்ணீரோடு சம்பந்தப்பட்ட குறி என்றார். அன்றிலிருந்து அந்தக் குறி போட்ட கலனெல்லாம் இவருக்குத் தண்ணீர்தான். சீனாவிலிருந்து தண்ணீரைக் கப்பலில் அனுப்ப அவர்களுக்கென்ன விசரா என்று கேட்டேன். "கழுவுற தண்ணியடி" என்றார்.

அந்தக் குளிர்காலக் காலையில் ஹீட்டர் சரிந்து, பெட்டிகளுக்குள் அடைத்துவரும் வைக்கோலில் தீ பிடித்தது. வான் ஓட்டும் ஃபிஜிக்காரர் தர்மேந்திரா வெளியே ஹோஸ் எடுக்க ஓடினார். இவர் புதிதாக வந்த ஒரு கலனைத் தூக்கி மூடியைத் திருகத் தொடங்கினார்.

கலனில் இரண்டு எழுத்துகள். இரண்டிலும் மூன்று துளி. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் நாள் முழுக்கத் தூரிகை தோய்க்கும் தகரத்திலும் அதே இரண்டு எழுத்துகள்தான்.

"இஞ்சாருங்கோ, ஊத்தாதேங்கோ! அது வார்னிஷ்!"

"தண்ணிக் குறி இருக்கு, கண் தெரியேல்லையே? தள்ளு!"

"என்ரை தகரத்திலையும் இதுதான் இருக்கு!"

"உனக்கென்ன சீனம் தெரியும்?"

கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். மூடி பாதி கழன்றுவிட்டது. தீ அவருடைய சப்பாத்துக்கு ஓரடி தூரத்தில் நின்றது. இந்த மனுசன் என் கண் முன்னால் எரியப்போகிறார் என்று தெரிந்தது.

"முதலாளி சொன்னவர்!" என்று கத்தினேன். "மிஸ்டர் வூ சொன்னவர், அது வார்னிஷாம்!"

உடனே நின்றார். கலனைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் ஓடி, வாசலுக்கு வெளியே வைத்தார். தர்மேந்திரா ஹோஸோடு வந்து தீயை அணைத்தார்.

வீட்டுக்குப் போகும்போது காரில் இவர், "நல்ல காலம், மிஸ்டர் வூ உன்னட்டைச் சொல்லி வைச்சது" என்றார்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். "நான்தான் சொன்னனான்."