தாடி மருந்தில் கொஞ்சம் சிவப்பு

அந்தக் கிளினிக்கில் அவன்தான் சின்ன டாக்டர். பல்லைப் பிடுங்கவும் அடைக்கவும் முறையாகப் படித்தவன். என்ன செய்வது, இருபத்தைந்து வயதிலும் முகத்தில் பால் வடிந்தது. "தம்பி, டாக்டர் எப்ப வருவாரு?" என்று வருகிறவர்கள் அவனிடமே கேட்டுவிட்டு, வீங்கின கன்னத்தைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். "இந்த மாசமும் உன் நாற்காலி காலியாவே கிடந்தா, நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் தாடி. இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்ததைப் பார்த்து அக்கா, "டேய், எண்ணினா பதினெட்டு தேறுமா?" என்பாள். ரோஷத்தில் தாடி வளர்க்கும் மருந்து ஒன்றை வாங்கினான். கறுப்பு பாட்டில், அமுக்கினால் பீய்ச்சும். காலையில் இரண்டு அமுக்கு, மாலையில் இரண்டு. மூன்று வாரமாகியும் கன்னம் பழைய கன்னம்தான். மருந்து மட்டும் மளமளவென்று குறைந்தது.

பாட்டிலைச் சமையலறைத் தராசில் இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்துப் பார்த்தான். ஒரே நாளில், அவன் பூசியதற்கு மேல் நான்கு கிராம் கூடுதலாகக் குறைந்திருந்தது. வீட்டில் இருப்பதே மூன்று பேர்: அவன், அக்கா, அக்கா புருஷன். மாமாவுக்குத் தாடி காடாக மண்டிக் கிடக்கிறது. போதாது என்று எந்நேரமும் அதை நீவிக்கொள்கிறார். காலையில் அக்காவும் அவரும் குளியலறைக்குள் கிசுகிசுக்கிறார்கள். அவன் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறதே, ஏன்? இவ்வளவு இருக்கிற மனுஷனுக்கு இன்னும் என்ன பேராசை என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டால் மழுப்புவார். கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும்.

கிளினிக்கில் குழந்தைகளுக்கென்று ஒரு சிவப்பு மருந்து உண்டு. பல்லில் தடவினால், சரியாகத் துலக்காத இடமெல்லாம் சிவந்து காட்டிக்கொடுக்கும். "சிவப்பா இருக்கு பாரு, அங்கதான் நீ கவனிக்கல" என்று அவன் கண்ணாடியை நீட்டுவான். அதில் கொஞ்சம் கொண்டுவந்து தாடி மருந்தில் கலந்துவைத்தான்.

மறுநாள் காலை, மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரல்களை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தும் போகாத சிவப்பு. தாடியில் ஒன்றுமில்லை. கெட்டிக்காரர், அதை முதலில் கழுவியிருப்பார்.

"மாட்டினீங்களா! கேட்டா நானே குடுத்திருக்க மாட்டேனா? திருடறதுக்கு வெக்கமா இல்ல?"

மாமா விரல்களை மடக்கிக்கொண்டார். "ஆமாப்பா, நான்தான் எடுத்தேன். தாடிக்குத்தான். தப்புதான்" என்றார். கண் மட்டும் குளியலறைக் கதவின் மேலேயே இருந்தது.

கதவு திறந்தது. "அவரத் திட்டாதடா" என்றபடி அக்கா வந்து தலைத் துண்டை அவிழ்த்தாள். வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெறிச்சோடிக் கிடந்தது. அந்த வெற்றிடம் முழுக்கச் சிவப்பு.

"கொத்துக் கொத்தா கொட்டுதுடா. உச்சி எனக்குத் தெரியாதுன்னு அவர்தான் தேச்சு விடுவாரு. உன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? உன் தாடிய எவ்வளவு ஓட்டியிருக்கேன்."

இரண்டு மாதமாக அக்கா துண்டும் தலையுமாகத் திரிந்தது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. கிராம் கிராமாக மருந்தை நிறுத்துப் பார்த்தவன், அவளை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "மன்னிச்சிடுங்க மாமா" என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளே போய்ச் சிவப்பைத் துடைக்கப் பஞ்சும் எண்ணெயும் எடுத்துவந்தான். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உக்காருக்கா."

அவள் உட்கார்ந்து தலையைத் தாழ்த்தினாள்.

"மெதுவா, டாக்டர்."

கேலி செய்கிறாளோ என்று அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.