மதிலோரக் கோரை

மதிலுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டதும் சந்தியோகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

அந்தக் காணியில் இரண்டு வருடமாக ஆள் இல்லை. காணிக்காரி மரியநாயகியின் புருசன் தொழிலுக்கென்று மன்னாருக்குப் போனான். பின்னால் அவளும் பிள்ளைகளும் போனார்கள். இனி வரமாட்டார்கள் என்று நெடுந்தீவில் எல்லாரும் நினைத்தார்கள். சந்தியோகு கொஞ்சம் கூடுதலாகவே நினைத்துவிட்டான்.

கல் அடுக்கிய மதில், நெஞ்சளவு. எட்டிப் பார்த்தான். மரியநாயகி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தூரத்து மூலையில் குந்தியிருந்தாள்.

"எப்ப வந்தனீர்?"

"முந்தநாள் வந்தனாங்கள், அண்ணை. வெளிநாட்டிலயிருந்து செத்தல் மிளகாய் வாறதை மறிச்சுப் போட்டாங்களாம், நல்ல விலையாம். நாலு பாத்தி கட்டுவம் எண்டால், காணி கிடக்கிற கிடையைப் பாருங்கோ. நான் போகேக்க ஒரு கோரைப்புல்லு இருந்ததோ இதுக்குள்ள?"

"இல்லை."

"எல்லாம் தம்பிஐயா அண்ணையின்ர மாடுகள் செய்த வேலை. ஆளில்லாத வளவெண்டு அவிட்டு விட்டிருக்கிறார். கண்ட இடத்துக் கோரையையும் குளம்பில கொண்டுவந்து மிதிச்சு வச்சிருக்குதுகள். நீங்கள் பக்கத்திலதானே, கண்டிருப்பியள்?"

"ஓம். மாடுகள் நிண்டதைக் கண்டனான்."

மாடுகள் நின்றது உண்மைதான். அதனால்தான் அந்த "ஓம்" அவ்வளவு லேசாக வாயில் வந்தது.

அடுப்பு எரிந்த குசினிக்குள்ளிருந்து அவன் மனைவி செபஸ்தியம்மாவின் தணிந்த குரல் மட்டும் வந்தது. "பொய் சொல்லேக்கயும் ஓம் எண்டுதான் சொல்லுவியளோ?"

அவளுக்குத் தெரியும். போன வருடம் அவன் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை வள்ளம் வள்ளமாக இறக்கினான். இந்தத் தீவின் வெளிறிய மண்ணில் வராத வெங்காயம் அதில் வரும் என்று இறங்குதுறையில் நின்று எல்லாருக்கும் சொன்னான். வெங்காயத்துக்கு முன்னால் வந்தது கோரை. அது செம்மண்ணுக்குள்ளேயே கிழங்காக ஒளிந்து வந்திருந்தது. புல்லைப் பிடுங்கினால் புல் மட்டும்தான் கையில் வரும். நூல் போன்ற வேரைப் பிடித்துக்கொண்டே போய், கறுத்த மணிக்கிழங்குகளை ஒன்றுவிடாமல் தோண்ட வேண்டும். தோண்டியதைக் கல்லில் காயவைத்து எரிக்க வேண்டும். முதுகு முறியத் தோண்டியவனுக்கு எரிக்கப் பொறுமை இல்லை. பொழுதுபடும் நேரம் பார்த்து, ஒட்டிய மண்ணோடு ஓலைக் கடகம் கடகமாக மதிலுக்கு மேலால் அந்த ஆளில்லாத காணிக்குள் கொட்டினான்.

மத்தியானம் தம்பிஐயா மூன்று மாடுகளோடு வந்தார். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் மரியநாயகியின் கிணற்றில் மட்டும்தான். அவள் கிணற்றடியில் குறுக்கே நின்றாள்.

"இனி இங்க தண்ணி காட்ட ஏலாது, அண்ணை. என்ர காணியைக் கோரைக் காடாக்கிப் போட்டியள்."

தம்பிஐயா சிரித்தார். "என்ர மாடு புல்லுத் தின்னுற மாடு, பிள்ளை. புல்லு நடுற மாட்டை நான் இன்னும் காணேல்லை."

"பகிடி விடாதேங்கோ. சந்தியோகு அண்ணை கண்டவர்."

தம்பிஐயாவின் சிரிப்பு நின்றது. மதிலடியில் நின்றவனைப் பார்த்தார். சந்தியோகு குனிந்து, காலில் இல்லாத முள்ளைப் பிடுங்கினான். நிமிர்ந்தபோது மாடுகள் திரும்பி மேற்கே போய்க்கொண்டிருந்தன. அங்கே இருக்கும் கிணறு உவர். மாடு வாய் வைத்தாலும் தலையை உதறிவிடும் தண்ணீர்.

அடுத்த நாள் முழுக்க மாடுகளின் கத்தல் கேட்டது. போய்ச் சொல்லிவிடலாம். என்னவென்று? சொற்களைத் தேடிக்கொண்டே, மரியநாயகியின் கிணற்றில் அள்ளிவந்த தண்ணீரைத் தன் வெங்காயத்துக்கு வார்த்தான். அந்தத் தண்ணீரைப் பார்க்கவும் கூசியது. மரியநாயகியோ ஒவ்வொரு முழமாகக் கிண்டிக்கொண்டு மதிலை நோக்கி வந்தாள். வர வரக் கோரை அடர்ந்தது. அவளுடைய மண்வெட்டிச் சத்தம் நெருங்க நெருங்க அவன் நகர்ந்து நகர்ந்து பாத்தியின் மறுகரைக்குப் போனான்.

மறுநாள் விடியச் சத்தம் சட்டென்று நின்றது.

எட்டிப் பார்த்தான். மதிலோரம் கிண்டிய குழியில், வெளிறிய மண்ணுக்கு நடுவே, இரத்தம் கொட்டினாற்போல் சிவப்பு. மரியநாயகி ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் நசித்தாள். கிழங்கு வெளியே வந்தது. விரல் சிவந்தது.

கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் நல்லது. அள்ளி முகத்தில் எறிந்தாலும் நல்லது.

அவள் கிழங்கைக் கடகத்தில் போட்டாள்.

"தம்பிஐயா அண்ணை வீட்டில நிப்பாரோ இப்ப?"

"ஓம்" என்றான். அது ஒன்றுதான் வந்தது.

கையைக் கழுவிக்கொண்டு படலையைத் திறந்து, அவள் மேற்கே நடந்தாள். செய்யாத குற்றத்துக்காக ஒரு மனிதரைத் துரத்தியவள் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். போக வேண்டிய கால்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. "நில்லும் பிள்ளை, நான் போறன்" என்று கூப்பிட வாய் திறந்தான். அவள் அதற்குள் ஒழுங்கைப் பாதையில் திரும்பிவிட்டாள்.

சந்தியோகு மதில் ஏறிக் குதித்தான். முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் கிண்டத் தொடங்கினான். ஒரு கிழங்கு, அதிலிருந்து வேர், வேரின் நுனியில் இன்னொரு கிழங்கு. முழங்கை வரை சிவப்பு ஏறியது.

ஒழுங்கையில் குளம்புச் சத்தம். மாடுகள் ஓடி வந்தன. பின்னால் இரண்டு பேரின் காலடி. கிணற்றடியில் வாளி விழுந்தது. தொட்டியில் மூன்று வாய்கள் உறிஞ்சும் சத்தம் நிற்காமல் கேட்டது. அவன் திரும்பவில்லை. கையில் பிடித்த வேர் அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல இழுத்தான். அது மதிலின் அடிக்கல்லுக்குக் கீழே நுழைந்து, அவனுடைய வெங்காயப் பாத்திப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.