பூச்சி அரித்த புதுப் பெட்டி

பாரிஸில் சேந்த் அந்த்வான் தெருவில் பட்டறை வைத்திருந்த அன்செல்ம், பதினைந்தாம் லூயி மன்னர் காலத்து மரச்சாமான்களைப் போலவே புதிதாகச் செய்து தருவான். மெருகு போடுவதெல்லாம் அவன் மனைவி லெயோனி. புதிதைப் புதிதென்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் தரகர் தவெல் ஒரு பழைய இழுப்பறைப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். வயிறு புடைத்த முகப்பு, மரச்சீவலில் இழைத்த பூக்கள், மூலைகளில் பொன்முலாம் பூசிய வெண்கலக் கொடிகள். மதாம் த குர்வால் என்ற பெரிய வீட்டு அம்மாளுடையது. கால் ஆடுகிறதாம், சரிசெய்ய வேண்டுமாம். பிறகு அன்செல்மை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் வெகுநேரம் குசுகுசுத்தார்.

கால் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனால் மறுநாள் அன்செல்ம் அச்சு அசலாக இன்னொரு பெட்டி செய்யத் தொடங்கினான். யாருக்கு என்று கேட்டால் மழுப்பினான். அடிப்பலகைக்கு உடைந்த பழைய அலமாரியின் பலகைகளை வாங்கி வந்தபோதே லெயோனிக்குச் சுருக்கென்றது. துளையூசியும் கையுமாக அவன் பின்பலகையைக் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கேட்டேவிட்டாள்.

"புதுச் சாமானுக்கு எதுக்குப் பூச்சி ஓட்டை?"

"கேட்டாங்க, போடுறேன்."

"தவெல் இத அந்தம்மா தலையில கட்டிட்டு அசல அமுக்கப் போறான். அதுல உனக்கும் பங்கு இருக்கா?"

அவன் நிமிரவில்லை. "மெருகு இன்னும் கொஞ்சம் மங்கலா இருக்கட்டும்" என்றான்.

அவள் மங்கலாகவே போட்டாள். ஆனால் அதன்பிறகு தவெல் வந்தால், பணம் ஏதும் கைமாறுகிறதா என்று அவர் கையையும் கணவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவன் யாரோ போலத் தெரிந்தான்.

பெட்டியை எடுத்துப்போக மதாமே வந்திருந்தார். ஆட்கள் பாரவண்டியில் ஏற்றியதில் தன் கை மெருகு இருப்பது லெயோனிக்குத் தெரிந்துவிட்டது. நேரே மதாமின் குதிரைவண்டிக்குப் போனாள்.

"மதாம், ஏத்தினது உங்களோடது இல்ல. நாங்க செஞ்சது."

"மெதுவாப் பேசு. வண்டிக்காரன் என் மூத்தவனோட ஆளு." மதாம் ஜன்னலோரம் குனிந்தார். "செய்யச் சொன்னதே நான்தான். அசல வித்தாச்சு. வீட்ல சொத்து இருக்குன்னுதான் பசங்க என்னை வந்து எட்டிப் பாக்குறாங்க. இருக்குன்னே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்."

லெயோனிக்கு முகம் சிவந்தது.

"உன் புருஷன் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினான். நீ எப்படி?"

"நானும் தொறக்க மாட்டேன், மதாம்."

மதாம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குச் செய்வதாக இருந்த நாற்காலி வேலை அடுத்த வாரமே வேறு பட்டறைக்குப் போய்விட்டது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் லெயோனி, சாப்பாட்டு மேசையில்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம்." அன்செல்ம் கரண்டியை வைத்தான். "அதுக்காக என்னைத் திருடன்னு நெனச்சிட்டியே."

குரலில் கோபம்கூட இல்லை. வெங்காய சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஆறியதையே இருவரும் குடித்து முடித்தார்கள்.