தடுப்பில்லாத படிகள்

...இல்லை, அந்தப் பக்கம் அப்பா இருக்கமாட்டார், காற்று அடிக்கிற பக்கம், மனிதர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதைத்தானே இத்தனை காலமாகப் படிக்கிறாள், முதுகுக்கு ஒரு சுவர், முகத்துக்கு வெயில், கண்ணுக்குத் தண்ணீர்... தண்ணீர் என்று நினைத்ததுமே மேனுஜாவின் கால்கள் ஓடத் தொடங்கின. நிலத்தோற்ற வடிவமைப்பு மாணவி, டென்மார்க்கின் ஓகூஸ் துறைமுகத்தில் எந்த வாங்கில் உட்கார்ந்தால் எப்போது வெயில் விழும் என்றுகூடத் தெரியும், அப்பா எங்கே போவார் என்று மட்டும் தெரியவில்லை. அம்மா அழைத்தபோது வகுப்பில் இருந்தாள். "அப்பாவைக் காணேல்லை பிள்ளை, போனையும் மேசையிலை வச்சிட்டுப் போட்டார்." கடைக்குப் போயிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அம்மா, "கலியாண மோதிரத்தையும்" என்றாள்.

பண்டகசாலையில் வேலை போனதிலிருந்து அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்தும் இல்லாதவர்தான், என்னப்பா என்றால் ஒண்டுமில்லை என்பார், அவளும் டெனிஷில் சரி என்றுவிட்டு அறைக்குள் போய்விடுவாள், வரைபடம் முடிக்க வேண்டுமே. எதை வரைந்தாள்? இந்தக் கரையைத்தான். படிகள் நேரே தண்ணீருக்குள் இறங்குகின்றன, இவற்றை நீட்ட வேண்டும், தடுப்புக் கம்பி எங்கேயும் வேண்டாம், அது பார்வையை மறைக்கும், நகரம் மக்களை நம்ப வேண்டும் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னாளே, கை தட்டினார்களே... மக்கள் என்றால் யார்? கோப்பியோடு வெயில் காய்கிறவர்கள், குளித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள், வரைபடத்தில் அவள் வெட்டி ஒட்டிய மனிதர்கள், அவர்களில் ஒருவருக்காவது வேலை போயிருந்ததா? ஒருவராவது இரவில் நித்திரை கொள்ளாதவரா? மார்ச் மாதக் கடல் கறுப்பாகக் கிடந்தது, அதில் ஏதோ மிதந்தது, கடவுளே, இல்லை, பிளாஸ்டிக் பை, பை மட்டும்தான்...

கடைசிப் படியில் இருந்தார். பக்கத்தில் சப்பாத்துகள், உள்ளே மடித்த காலுறைகள். பாதம் இரண்டும் தண்ணீருக்குள்.

"அப்பா."

திரும்பினார். "ஏன் வந்தனீ? வகுப்பு இல்லையோ?" வழக்கமான அதே குரல், அதுதான் பயமாக இருந்தது. இறங்கிப் போய் ஒட்டி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள், பனிக்கட்டி போல இருந்தது. "ஏன் அப்பா சப்பாத்தைக் கழட்டினீங்கள்?" தமிழில்தான் வந்தது, எவ்வளவு காலத்துக்குப் பிறகு...

"சும்மா."

மோதிரம் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ? "குளிருது அப்பா, வாங்கோ வீட்டை போவம்." "கொஞ்சம் இரு" என்றார். இருந்தாள். போன் அதிர்ந்தது, அம்மா.

"கண்டிட்டியோ?"

"ஓம், பக்கத்திலை இருக்கிறன்."

"என்ன செய்யிறார்?"

தண்ணீருக்குள் நீலம் பாரித்திருந்த அந்தப் பாதங்களைப் பார்த்தாள். "சும்மா இருக்கிறார் அம்மா." அந்தப் பக்கம் அம்மா அழுதாள். மேனுஜா அப்பாவின் கையை இன்னும் இறுக்கினாள், விடமாட்டாள், வீடு போய்ச் சேரும்வரை விடமாட்டாள், இன்றைக்கு எப்படியும் விடமாட்டாள், ஆனால் நாளைக்கு அம்மாவுக்கு வேலை, அவளுக்கு வகுப்பு, வீட்டில் அவர் மட்டும்...