கோட்டைக்குள் ஒரு கல்யாணப் பலகாரம்

மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று வார்சா கோட்டையின் வாசலில் இருந்த பெண் சொன்னபோது எவால்ட் மேலங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பலகாரப் பொட்டலம் மேலங்கிக்குள்தான் இருந்தது. பையோ தின்பண்டமோ உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, பொட்டலத்தை உள்சட்டைக்குள் செருகி, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திரும்பினால் கெரார்ட் நின்றுகொண்டிருந்தான். முப்பது வருஷம் ஒரே சுரங்கத்தில் அவரோடு நிலக்கரி வெட்டியவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"என்னய்யா, மாசமா இருக்கியா? எத்தனாவது மாசம்?"

எவால்ட் அவனைத் தாண்டி நடந்தார். மூச்சைச் சேமிக்க வேண்டியிருந்தது. கரித்தூள் தின்ற நுரையீரல், பேசினால் நடக்க முடியாது, நடந்தால் பேச முடியாது.

பொட்டலத்தில் இருந்தது கோவோச். சிலேசியாவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், முந்தின வாரமே பெண்ணின் அம்மா கசகசாவும் பாலாடையும் வைத்துத் தட்டையாக இதைச் சுட்டு, மேலே வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் பிசிறித் தூவி, தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புவாள். கோவோச் வந்தால்தான் அது கல்யாணம். வராவிட்டால் ஊர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காது. ஆனால் மறக்கவும் செய்யாது.

எவால்டின் மகள் உர்சுலாவின் கல்யாணத்துக்குத் தெருவில் எந்த வீட்டுக்கும் கோவோச் போகவில்லை. மாப்பிள்ளை ஸ்லாவெக் வார்சாக்காரன், கொரோல். சிலேசியாவில் பிறக்காதவனுக்கு அங்கே அதுதான் பேர். கொரோலுக்குப் பெண் கொடுப்பதைவிடப் பெண்ணே இல்லை என்று இருந்துவிடலாம் என்று எவால்ட் சொன்னார். வீட்டுக்குள் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை, வேலை முடிந்து எல்லோரும் ஒன்றாகக் குளிக்கிற சுரங்கத்துக் குளியலறையில் அத்தனை பேர் நடுவில் சொன்னார். அடுப்பு மூட்டப்போன மனைவி த்ரூடாவின் கையிலிருந்து மாவுத் தட்டைப் பிடுங்கிப் பன்றித் தொட்டியில் கொட்டினார். உர்சுலா அன்று சாயங்காலமே ரயில் ஏறியவள்தான். ஏழு வருஷம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அம்மாவோடு பேசுவாள். அவரும் நல்லா இருக்கார், நானும் நல்லா இருக்கேன், கோட்டை மியூசியத்தில் ஊர்ப் படங்கள் மாட்டிய அறையில் காவல் வேலை. அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

போன மாதம் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கோவோச்சை எவால்ட் கை நீட்டி எடுக்கப்போனபோது த்ரூடா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தைத் தின்ன மட்டும் வாய் இருக்கா என்று கேட்டாள். ஓய்வுபெற்ற சுரங்கக்காரர்களைத் தொழிற்சங்கம் வார்சாவுக்கு அழைத்துப் போகிறது என்று தெரிந்ததும் அவளே அவர் பேரைக் கொடுத்து, மாவு பிசைந்து, சுட்டு, துணியில் சுற்றி அவர் கையில் வைத்தாள். "இதை அவ கையில குடுத்துட்டு வா. குடுக்காம வந்தா கதவு திறக்க மாட்டேன்."

வாசல் தாண்டியதும் பெரிய பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள். பூட்ஸோடு அதற்குள் காலை விட்டுக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். பளபளக்கும் மரத்தரை கீறக்கூடாது. சுரங்கக்காரர்கள் பனிக்கட்டியில் நடக்கிற மாடுகளைப் போல வழுக்கி வழுக்கிப் போனார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை நம்மை வைத்தே தரையைத் துடைத்துக்கொள்கிறார்கள், கூலியும் கிடையாது என்றான் கெரார்ட். போரில் தரைமட்டமான கோட்டையைத் திரும்பக் கட்டியபோது நாடு முழுக்க வசூல் நடந்தது; இவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வெட்டி அந்தக் கூலியைக் கொடுத்திருந்தார்கள். அதனால் எந்தச் செங்கல் தன்னுடையது என்று கெரார்ட் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டே வந்தான். அவளும் சலிக்காமல், அது மாடியில இருக்கு தாத்தா, இன்னும் கொஞ்சம் ஏறுங்க என்று சொல்லி அவர்களை ஏற்றிவிட்டாள்.

எவால்ட் படங்களைப் பார்க்கவில்லை. சிம்மாசனத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் கதவோரம் ஒரு நாற்காலி, அதில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண். அந்த நாற்காலிகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். பாதிப்பேர் பாட்டிமார்கள். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பொட்டலம் உடம்புச் சூட்டில் இளகி, வெண்ணெய் சட்டையில் ஊறுவது தெரிந்தது.

ஊர்ப் படங்கள் மாட்டிய அறையில் உர்சுலா இருந்தாள். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முன்நெற்றியில் நரை. கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். அவர்களுடைய சிலேசியப் பேச்சு காதில் விழுந்ததுமே நிமிர்ந்திருந்தாள் போல. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தவள், அவர் முகத்தில் வந்து நின்றாள். பிறகு பார்வையை எடுத்துச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல, கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க என்றாள்.

வழிகாட்டி படங்களைப் பற்றி என்னென்னவோ சொன்னாள். இந்தப் படங்களைப் பார்த்துத்தான் இடிந்த தெருக்களைத் திரும்பக் கட்டினார்கள் என்றாள். பிறகு கூட்டம் அடுத்த அறைக்கு வழுக்கியது. எவால்ட் மட்டும் நின்றார். மகளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு அறை அகலத் தரை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வழி நெடுகப் பாடம் பண்ணியதெல்லாம் மண்டையிலிருந்து காணாமல் போயிற்று.

கை தானாகப் போனது. பூமிக்கு அடியில், தலைக்கு மேலே இருக்கும் பாறையைத் தட்டிக் காது கொடுக்காமல் எவனும் ஓரிடத்தில் நிற்கமாட்டான். கணீரென்றால் நிற்கலாம், பொத்தென்றால் ஓட வேண்டும். பயம் வரும்போதெல்லாம் எவால்ட் எதையாவது தட்டுவார். மாதா கோவிலில் தட்டியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் தட்டியிருக்கிறார். இப்போது கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, படச் சட்டத்துக்குப் பக்கத்துப் பலகையை மடக்கிய விரலால் தட்டினார். இரண்டு தட்டு.

எங்கோ எச்சரிக்கை மணி கிரீச்சிட்டது. அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். கம்பளிச் செருப்பு வழுக்கியது. இடுப்பு தரையில் இடிக்க உட்கார்ந்த வேகத்தில் பொத்தான் தெறித்து, துணிப் பொட்டலம் வெளியே வந்து விழுந்தது. வெண்ணெய்ப் பொருக்கு மரத்தரை முழுக்கச் சிதறியது.

மேற்பார்வைக்காரி ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும், தடித்த உடம்பு, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. தரையைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், பிறகு உர்சுலாவைப் பார்த்தாள். இந்த மனுஷன் யார், எப்படி இதை உள்ளே கொண்டுவந்தான், நீ உட்கார்ந்துகொண்டு என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று வரிசையாகக் கேட்டாள்.

எவால்டுக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாத ஆள் என்று சொன்னால் இவளுக்கு ஒரு வம்பும் இல்லை. கிழவனை வெளியே பிடித்துத் தள்ளிவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். சொந்தக்காரன் என்றால் கேள்வி இவள் பக்கம் திரும்பும். குளியலறையில் தான் சொன்னதை இவள் இன்று திருப்பிச் சொன்னால் அதில் தப்பே கிடையாது. அவர் தரையில் உட்கார்ந்தபடியே பொருக்குகளைக் கையால் கூட்டத் தொடங்கினார்.

"எங்கப்பா," என்றாள் உர்சுலா. "சுரங்கத்துல இருந்தவரு. பயந்தா தட்டுவாரு."

மேற்பார்வைக்காரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தையும் பலகையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. அந்த அறை நாற்காலியில் வேறொருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, இவரைக் கீழே காவலர் அறைக்குக் கூட்டிப்போகும்படி உர்சுலாவிடம் சொன்னாள். சாயங்காலம் உன்னோடு பேச வேண்டும் என்றும் சொன்னாள். பேச்சு நல்ல பேச்சாக இருக்காது என்பது குரலில் தெரிந்தது.

காவலர் அறை நிலவறையில் இருந்தது. மேசை, கொதிகெண்டி, முட்டைகோஸ் சூப் வாசனை. வேறு இரண்டு பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உர்சுலா அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்; தான் உட்காரவில்லை. அவர் மூச்சு சீராகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ எதுக்குப்பா வந்த?"

அவர் பொட்டலத்தை மேசைமேல் தள்ளினார். அவள் துணியைப் பிரித்தாள். உடைந்து நொறுங்கிய கோவோச். அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"கல்யாணத்துக்கா? இப்பவா?"

"உங்கம்மா சுட்டா."

"அப்பா, அவனை நான் வெளிய அனுப்பி ரெண்டு வருஷமாச்சு. குடிச்சுட்டுக் கைய நீட்டினான். கோர்ட்டுல பிரிஞ்சாச்சு. அம்மாகிட்ட சொல்லல."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். தேநீர் குடித்த பெண்களும் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை எவால்டின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஏழு வருஷம் அவரை நிமிர்ந்து நடக்க வைத்த வார்த்தை அது. தான் சரி, அவள் தப்பு. இப்போது சரி என்று ஆகியும்விட்டது. ஆனால் அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தது போல ஆகிவிடும். அவள் கழுத்தெலும்பைப் பார்த்தார். கை நீட்டினான் என்றால் எங்கே அடித்தான், எத்தனை தடவை, அப்போது இவள் யாரிடம் போனாள்?

"அடிச்சானா," என்றார்.

"ஆமா."

"அன்னிக்கே வீட்டுக்கு வந்திருக்கலாமில்ல."

"எந்த வீட்டுக்கு?"

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விரலில் இருந்த வெண்ணெய் மீசையில் ஒட்டியது. மாவைத் தொட்டியில் கொட்டியது நான்தான், உங்கம்மா இல்லை என்றார். தெரியும் என்றாள் உர்சுலா. அது தப்பு என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்குச் சுரங்கப் படிக்கட்டு ஏறியதுபோல இரைத்தது.

தேநீர்க்காரிகளில் ஒருத்தி, அதென்ன பலகாரம், வாசனை இங்கேவரை அடிக்கிறதே என்றாள். உர்சுலா இழுப்பறையிலிருந்து கத்தி எடுத்தாள். "என் கல்யாணத்துக்குச் சுட்டது. கொஞ்சம் நேரமாயிடுச்சு, எடுத்துக்கங்க." மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எவால்டுக்கும் சிரிப்பு வந்தது. அது இருமலாக முடிந்தது. உர்சுலா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கசகசா அரைத்தது அம்மாவேதானா, கை வலி இருக்குமே என்று கேட்டாள். வீட்டைப் பற்றி அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

பஸ் கிளம்பும் நேரமாயிற்று. சதுக்கம்வரை அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் காலில் இருந்த கம்பளிச் செருப்பைக் கழற்ற மறந்து பாதித் தூரம் வந்துவிட்டு, அவரைக் கொடிக்கம்பத்தில் சாய்த்து நிறுத்தி, குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். பஸ்ஸுக்குள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. கெரார்ட் படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"உர்சுலாதானே? அட. மாப்பிள்ளை எங்க? காட்டாம ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

சன்னல் ஓரத் தலைகள் எல்லாம் திரும்பின. குளியலறையில் அன்று அவர் சொன்னதைக் கேட்ட காதுகள். உர்சுலாவின் பிடி அவர் கையில் தளர்ந்தது. வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் ஊர் நம்பும். எவால்ட் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருந்த மூச்சை எல்லாம் சேர்த்தார்.

"மாப்பிள்ளை கிடையாது. அவன் கைய நீட்டினான், இவ வெளிய அனுப்பிட்டா. நல்லா செஞ்சா. இவ என் மக. எனக்கு மகளே இல்லேன்னு அன்னிக்குச் சொன்னது பொய்."

கெரார்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வழிவிட்டு உள்ளே போனான். ஓட்டுநர் இன்ஜினைப் போட்டான்.

"சுரங்கக்காரங்க பார்பரா திருநாளுக்கு ஊருக்கு வர மூணு நாள் லீவு கேக்கறேன்," என்றாள் உர்சுலா. "குடுப்பாங்களான்னு தெரியல. இன்னிக்கு நீ பண்ணின வேலைக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது. உடம்பை மடக்கிப் போட்டு உலுக்குகிற நீண்ட இருமல். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, அப்பாவின் முதுகில் ஒரு கையை வைத்தபடி, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள்.