வால் குஞ்சம்

தோர்க்காஸ் மாட்டுக்கு வெட்டிய சவுண்டல் தழைக்கட்டைத் தரையில் இறக்கியபோது சித்தப்பா மகன் தானியேல் காளையின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குஞ்சம் முழுசா இருக்கு," என்றான். "மருந்து படாத மாடு. பெரியப்பா மாட்டுல யாரு குத்தம் சொல்ல முடியும்?"

கத்தியை ஏற்கெனவே தீட்டி வைத்திருந்தான்.

அப்பா யெர்மியாஸ் வீட்டுக்குள் சவப்பெட்டியில் கிடந்தார். முந்தின நாள் தழை வெட்டப் போனவர் மரத்தடியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். பெட்டியின் மூடி சுவரில் சாத்தியிருந்தது. ஆணிகள் ஒரு தட்டில் இருந்தன. செத்தவரின் தாய்மாமன் வெற்றிலை போடும்வரை அவற்றை யாரும் தொட முடியாது.

தாய்மாமன் சோலெமான் காலையிலேயே தன் ஆட்களுடன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். தார்ப்பாய்ப் பந்தலில் அவர் முன்னால் வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது. செத்தவன் தன் கையால் தீனி போட்ட மாட்டை அறுத்துப் பின்னந்தொடையை அவர் முன் வைக்க வேண்டும். பிறகுதான் வெற்றிலை.

யெர்மியாஸின் மாடுகளை ஊரே அறியும். ஊசி போட்டால் மருந்து கறியில் தங்கும் என்பார். ஊசி போட்ட அன்றே அந்த மாட்டின் வால் குஞ்சத்தை வெட்டிவிடுவார். முடி திரும்ப வளரும்வரை அது விற்பனைக்கும் இல்லை, அறுப்புக்கும் இல்லை. குப்பாங் துறைமுகத்திலிருந்து வரும் வியாபாரிகள் பல்லைப் பார்ப்பதற்கு முன் வாலைப் பார்ப்பார்கள்.

இந்த வாரம்தான் காளைக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை விற்ற மாடுகளை ஏற்றும் கப்பல். அப்பா அதை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் ஊசி போட்டார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தவள் தோர்க்காஸ். ஊசி போட்டு முடிந்ததும் கத்திரிக்கோலுக்காகக் கை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றார். "கப்பல் ஏறட்டும்."

அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"தானியேல், அத விடு," என்றாள் இப்போது. "என் கிடாரியப் புடிச்சுக்க."

அவன் சிரித்தான். "அந்தச் சுள்ளியையா? அத அறுத்தா கத்தியில ஒட்டுற கறிதான் மிஞ்சும்."

"அதத்தான் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "தாத்தாகிட்ட நீயே போய்ச் சொல்லு. என்னால ஏச்சு வாங்க முடியாது."

கிடாரி அவளுடையது. சபையில் அவளுக்குத் திடப்படுத்தல் ஆன அன்று அப்பா கயிற்றைக் கையில் கொடுத்து, இதுவும் இது போடுகிற கன்றுகளும் உனக்கு என்றார். இன்னும் ஒரு கன்றும் போடவில்லை.

பந்தலில் சோலெமான் முன் போய் நின்றாள்.

"தாத்தா, கிடாரிய அறுக்கலாம்னு இருக்கோம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "காளை கப்பலுக்கு. கன்னுக்குட்டி மாமனுக்கு. கேட்டுக்கிட்டியா?"

யாரோ இருமினார்கள்.

"ஏன், காளைக்கு என்ன கேடு?" என்று அவளிடம் திரும்பினார்.

திறந்த கதவு வழியாக அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. புது வெள்ளைச் சாக்ஸ். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். பந்தலில் இருக்கிற எல்லோரும் எழுந்து உள்ளே போய் அந்த முகத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள்.

"ஒரு கேடும் இல்ல. நல்ல மாடுதான். நான் குடுக்கல."

"நீ குடுக்கல."

"ஆமா."

"உங்கப்பன் குடுத்திருப்பான்."

"ஆமா தாத்தா."

அம்மா அவள் கையைப் பிடித்துச் சமையல் கொட்டகைக்கு இழுத்துப் போனாள்.

"மானத்த வாங்குறியேடி. அவரு எந்திரிச்சுப் போயிட்டா அப்பாவ எப்படி மூடுறது? இந்த வெயில்ல?"

"போக மாட்டாரும்மா."

"காளைய வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போற நீ?"

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. அம்மா பிடித்திருந்த கையை விட்டாள்.

"பெரிய சட்டி வேண்டாம்," என்றாள் வாசலில் நின்ற தானியேலிடம். "சின்னத எடு."

கிடாரியை இழுக்க வேண்டியிருக்கவில்லை. தோர்க்காஸ் முன்னால் நடந்தாள். தழைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று அது பின்னால் வந்தது. கயிற்றை அவளே கடைசிவரை பிடித்திருந்தாள்.

தொடையைப் பனையோலைத் தட்டில் வைத்துச் சோலெமான் முன் கொண்டுபோனார்கள். அவர் அதை ஒரு விரலால் புரட்டினார்.

"கோழித்தொடை கணக்கா இருக்கு."

அவருடைய ஆட்களில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தட்டிலிருந்து பாக்கை எடுத்தார்.

"என் அக்கா மகனுக்காகப் போடுறேன். உனக்காக இல்ல."

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது.

புதைத்துத் திரும்பியதும் பந்தலில் சாப்பாடு தொடங்கியது. கறி எல்லோருக்கும் வரவில்லை. அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் அப்பாவின் வேலைச் சட்டை தொங்கியது. அதன் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு தோர்க்காஸ் காளையிடம் போனாள்.

தானியேல் கையில் தட்டுடன் வந்தபோது அவள் வெட்டி முடித்திருந்தாள். அவன் வாலைப் பார்த்தான். தரையில் கிடந்த கறுப்பு முடியைப் பார்த்தான்.

"ஊசி போட்டியா?"

"ஆமா. இப்பத்தான்."

"இன்னைக்கா? அப்ப சனிக்கிழமை?"

"ஏறாது."

மேலே ஏதோ கேட்க வந்தவன் தட்டில் கிடந்த கறியைப் பார்த்தான்.

காளை தழையை மென்றுகொண்டிருந்தது. ஈக்கள் வந்து விலாவில் உட்கார்ந்தன. அது வாலை வீசியது. ஈக்கள் எழவில்லை. மறுபடியும் வீசியது.