ஒன்பதுக்கு ஏழு

நான் காரைக்குடியில் நர்ஸ். நியூசிலாந்தில் குடியேறுவதற்கான ஆங்கிலத் தேர்வை 1996-ல் எழுதி, ஒன்பதுக்கு ஏழு வாங்கினேன். அவர்கள் கேட்டதைவிட அதிகம்.

என் கணவர் சவரிமுத்து அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து, எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்கள் இருந்த ஃபைலில் வைத்து, பீரோவில் பூட்டினார்.

"என் தங்கச்சி கல்யாணம் முடியட்டும். மார்க்கு எங்குட்டு ஓடிப் போகப் போகுது?"

கல்யாணம் முடிந்தது. அப்புறம் அவர் தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்றார். பிறகு மாமனாருக்குக் கண் ஆபரேஷன்.

மூன்றாம் வருடம் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. தேர்வு முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுமாம்.

"ஞானஸ்நான சர்டிபிகேட்டு சாகுற வரைக்கும் செல்லுது, இது மட்டும் என்ன ரெண்டு வருசம்? அதுக்குள்ள இங்கிலீசு மறந்தா போச்சு ஒனக்கு?" என்று என்னிடம் கத்தினார்.

செல்லாத சான்றிதழைத் திரும்ப ஃபைலில் வைக்கப் போனேன். அடியில் எங்கள் கல்யாணச் சான்றிதழ் கிடந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அதில் காலாவதித் தேதி இல்லை.